நீர் வருமுன் இருந்த ஊர்கள்

திண்டுக்கல்லைப் பற்றிப் பேசுவோர் மலைக்கோட்டையையும் பூட்டையும் தோல் பதனிடும் தொழிலையும் சொல்லி முடித்தவுடன் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சொல்வது வழக்கம். இந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள் என்ற பேச்சு பாதி கேலி, பாதி உண்மை. குடத்தோடு தெருக்குழாய் முன்பு காத்திருந்த தலைமுறைகளுக்கு அதில் எது கேலி, எது உண்மை என்று விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு எதுவும் நகரை ஒட்டி ஓடாததால், நம் ஊர் என்றைக்கும் பிற இடத்துத் தண்ணீரையே நம்பி வாழ்ந்து வருகிறது. ஆத்தூர் காமராஜர் அணை, வைகைக் கரையில் உள்ள பேரணை, பின்னாளில் வந்து சேர்ந்த காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று மூன்று திசைகளிலிருந்து அது வருகிறது.

இவற்றுள் பேரணைக்கு வரும் நீர் வைகை அணையைக் கடந்து வருவது. காவிரி நீர் மேட்டூர் அணையைக் கடந்து வருவது. இவ்விரண்டு நீர்த்தேக்கங்களின் அடியிலும் ஊர்கள் கிடக்கின்றன. அவை ஆதி காலத்து ஊர்கள் அல்ல. தெருவும் கிணறும் பள்ளியும் வழிபாட்டிடமும் இடுகாடும் இருந்த, நம் தாத்தா பாட்டிகளின் காலத்து ஊர்கள். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை நாள்தோறும் நாளிதழில் பார்க்கிறோம். (நாடு மெட்ரிக் முறைக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அணைக்கு மட்டும் அடிக்கணக்கு நீங்கவில்லை.) அந்த அடிகளுக்குக் கீழே இருந்த ஊர்களின் பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது.

முதலில் வைகையின் கதை. நிலக்கோட்டை வட்டத்துப் பேரணை, பெரியாற்றுப் பாசனத்தின் வாசற்படி என்று சொல்லத்தக்கது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலையுச்சியில் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டவர் பென்னிகுக். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். அன்றுமுதல் அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கலந்து, பேரணையை அடைந்து, அங்கிருந்து பெரியாறு பிரதான கால்வாய் வழியே மேலூர் வரை பாய்ந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876–78ஆம் ஆண்டுகளின் பட்டினியை நேரில் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அவர்களுக்கு இது எத்தகைய வரவாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் வந்த நீரைச் சமவெளியில் தேக்கி வைத்து, வேண்டும்போது விடுவதற்கு இடமில்லை. அந்தக் குறையை நீக்க ஆண்டிபட்டிக்கு அருகே வைகையின் குறுக்கே 1950களில் எழுப்பப்பட்டதுதான் வைகை அணை. அதன் மொத்த உயரம் 111 அடி. நீர் தேங்கும் உயரம் 71 அடி. 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராசர் அதைத் திறந்து வைத்தார். அன்று அப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல்லும் அவ்வாறே. 1985இல் நாம் தனி மாவட்டமானோம். 1996இல் தேனி தனி மாவட்டமாயிற்று. ஆகவே மூழ்கிய ஊரினரும், அந்நீரைக் குடிக்கும் நாமும் அந்நாளில் ஒரே மாவட்டத்து மக்கள். ஒரே ஆட்சியரின் கையெழுத்து இருவர் வாழ்வையும் ஆண்டது.

71 அடி என்பது பொறியாளரின் வரைபடத்தில் ஒரு கோடு. மலையடிவாரத்து மேடுபள்ளங்களினூடே வளைந்து நெளிந்து செல்லும் அக்கோட்டின் உட்புறம் இருந்தவை எல்லாம் போக வேண்டியவை. வெளிப்புறம் இருந்தவை தப்பியவை. ஒரே ஊரில் மேட்டுத்தெரு தப்பிப் பள்ளத்தெரு போவதும் உண்டு. ஒரே தகப்பனின் இரு மக்களுள் அண்ணன் காடு போய்த் தம்பி காடு நிற்பதும் உண்டு. பாகப் பிரிவினையின்போது பள்ளத்துக் காடே மேலானது, அங்கே ஈரம் நிற்கும் என்று போராடி வாங்கியவன் தோற்பான். ஈரமில்லாத கரட்டை வேண்டா வெறுப்பாய்ப் பெற்றுக்கொண்டவனுக்கு நீர்க்கரையில் நிலம் வாய்க்கும்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது அணை கட்டியதைப் பற்றியோ, நீர் நிறைந்ததைப் பற்றியோ அல்ல. அவை எழுதப்பட்டுவிட்டன. அறிவிப்பு வந்த நாளுக்கும் நீர் வந்த நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் உண்டு. அந்த இடைவெளியில் சிறுவராயிருந்து வளர்ந்தவர்களின் வாழ்வுதான் எழுதப்படாமல் இருக்கிறது. ஓர் ஊர் நீரில் மூழ்கும் நாளில் அழிவதில்லை. மூழ்கப் போகிறது என்று தெரிந்த நாளிலேயே அது அழியத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சாவை நாள்தோறும் அருகிலிருந்து பார்த்தவர்கள் சிறுவர்கள்.

அக்காலத்து நில எடுப்பு முறையை அறிந்தோர்க்கு அந்த ஆண்டுகளின் போக்கு விளங்கும். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி முதலில் அரசிதழில் அறிவிப்பு வரும். பின்னர் நில அளவையர் சங்கிலியோடு வருவர். எல்லைக் கற்கள் நடப்படும். வீடுகள் அளக்கப்படும், கிணறுகளின் ஆழம் குறிக்கப்படும், புளியும் வேம்பும் பனையும் தனித்தனியே எண்ணப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கட்டாயமாக எடுப்பதற்கு ஈடாக நிலத்தின் விலையோடு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துத் தருவது அன்றைய விதி. சங்கிலி பிடித்துச் சென்றவர்கள் பின்னால் ஓடிய சிறுவர்க்கு அது திருவிழாப்போல் இருந்திருக்கும். தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரேடு எழுதும் அலுவலரை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. தாம் ஏறி விளையாடும் புளியமரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும், அவ்விலை தந்தைக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதும் அன்று அவர்கள் கற்ற முதல் பொருளியல் பாடம்.

அதன்பின் ஊரில் ஒரு வகை நிறுத்தம் ஏற்படும். போகப்போகும் வீட்டுக்குப் புது ஓலை எதற்கு என்று கூரை மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். மழைக்கு ஒழுகும் இடத்தில் பானை வைப்பார்கள். கிணற்றைத் தூர்வார யாரும் முன்வர மாட்டார்கள். தென்னம்பிள்ளை வைக்க மாட்டார்கள். வைத்தால் காய்ப்பதைப் பார்க்க ஊர் இராது. கோயிலுக்கு வெள்ளையடிக்க வரி வசூலிக்கலாமா வேண்டாமா என்பதில் ஊர்க்கூட்டம் இரண்டுபடும். பக்கத்து ஊர்க்காரர் பெண் எடுப்பர், பெண் கொடுக்க மாட்டார். கடன் கொடுத்தவர் கழுத்தை நெரிப்பர், புதிதாய்க் கொடுப்பவர் இரார். எங்கோ ஒரு தூரத்து ஊரில் உறவினரைக் கண்டு மனைபார்த்துவிட்டு வரும் ஆண்கள் இரவில் தாழ்ந்த குரலில் பேசுவர். இவற்றைக் கேட்டுக்கொண்டே பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு, காரணம் முழுதும் புரியாவிட்டாலும், தம் ஊரில் எதுவும் இனி வளராது என்பது மட்டும் புரிந்துவிடும். வளர வேண்டிய வயதில், வளர்வதை நிறுத்திவிட்ட ஊரில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இத்தகைய பிள்ளைகளுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரானார். 1953இல் வைகைக் கரையில் மெட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்த வைரமுத்துவின் குடும்பம், அணைக்காக ஊரை விட்டு வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அவர் மிகச் சிறு பிள்ளை. அந்த இழப்பைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அந்நாவல் வெளிவந்திராவிட்டால், வைகை அணைக்குள் ஊர்கள் இருந்தன என்பதே தமிழ் வாசகர் பலருக்குத் தெரிந்திராது என்பது என் எண்ணம். அரசு ஆவணம் செய்ய வேண்டியதை ஒரு நாவல் செய்தது. ஆனால் நாவல் ஒரு குடும்பத்தின் கதையையே சொல்ல முடியும். மற்ற குடும்பங்களுக்குக் கவிஞர் வாய்க்கவில்லை.

இழப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு கிடைத்தது. அது போதாது, காலம் கடந்து வந்தது என்ற குறைகள் இருக்கலாம். எனினும் கிடைத்தது. பட்டா இல்லாதவர்க்கோ சட்டத்தின் கண்ணில் இழப்பே இல்லை. கூலிக்கு நாற்று நட்டவர், களத்தில் நெல் தூற்றிக் கூலி பெற்றவர், சட்டி பானை வனைந்தவர், முடி திருத்தியவர், துணி வெளுத்தவர், புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் ஆகியோர் எதையும் இழக்கவில்லை என்றே பேரேடு கூறியது. ஊர் என்ற ஒன்று இருந்ததால்தான் அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. சலவைத் தொழிலாளிக்கு நிலம் இல்லாமற் போகலாம். ஆனால் நாற்பது வீடுகள் இருந்தன. அந்த நாற்பது வீடுகளும் நாற்பது திசைகளில் பிரிந்து போனபோது அவர் இழந்ததற்குப் பேரேட்டில் பத்தி இல்லை. 1984இல் கூடுதல் தொகை நூற்றுக்கு முப்பதாக உயர்ந்தது. அப்போதும் இவர்கள் நிலை மாறவில்லை. நிலமற்று, நிலத்தைச் சார்ந்து பிழைப்போரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே என்று நாடெங்குமான சட்டம் ஏற்றுக்கொள்ள 2013 வரை ஆயிற்று. பழைய சட்டம் நீங்கிப் புதியது 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, வைகை அணைக்கு அகவை ஐம்பத்தைந்து நிறைய இருபது நாள் குறைவு.

இனி, நம் குழாய்க்கு வரும் மற்றொரு நீரான காவிரியைப் பின்பற்றி மேலே செல்வோம். மேட்டூர் அணை 1925இல் தொடங்கப்பட்டது. 1924இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே இதற்கு வழி பிறந்தது. தஞ்சைக் கழனிகளுக்காகக் கட்டப்பட்ட அதை 1934 ஆகஸ்டு 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. கட்டி முடித்த நாளில் உலகின் மாபெரும் அணைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. தொடக்கத்துக்கும் திறப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். தொடங்கியபோது ஐந்து வயதுப் பிள்ளை, முடிந்தபோது பதினான்கு வயதில் ஏர் பிடிக்கும் இளைஞன். இடைப்பட்ட பருவம் முழுவதையும் அவன் போகப்போகும் ஊரிலேயே கழித்தான்.

நாயம்பாடி, சாம்பள்ளி, காவேரிபுரம், பண்ணவாடி என்று காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் பல அதில் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நீரடியில் போயின. சாம்பள்ளியார் குடியேறிய இடம் புதுச்சாம்பள்ளி என்று இன்றும் வழங்குகிறது. ‘புது’ என்ற இந்த அடைமொழியைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் எங்கே கண்டாலும் ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது. எல்லாப் புதூரும் இடப்பெயர்வால் வந்தவை அல்ல. ஆனால் சிலவற்றின் பின்னே ஒரு பழைய ஊர் நீருக்கடியில் இருக்கிறது. மண்ணைத் தூக்கிச் செல்ல இயலாதவர்கள் பெயரைத் தூக்கிச் சென்றார்கள்.

பண்ணவாடிப் பகுதியில் நீருக்குள் இரண்டு அடையாளங்கள் எஞ்சின. ஒன்று இரட்டைக் கோபுரங்கொண்ட கிறிஸ்தவ ஆலயம். மற்றொன்று ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. அணையின் நீர்மட்டம் ஏறத்தாழ 79 அடிக்குக் கீழே இறங்கும்போது ஆலயக் கோபுரமும், 70 அடிக்குக் கீழே இறங்கும்போது நந்தியும் வெளியே தெரிந்து வந்திருக்கின்றன. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் நாளிதழ்கள் இவற்றின் படத்தை வெளியிடும். மக்கள் பரிசலில் சென்று பார்த்து வருவார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள்: கோபுரம் தெரிகிறது என்றால் தஞ்சை உழவருக்கு நீர் இல்லை, கோபுரம் மறைந்தால் குறுவை பிழைத்தது. கத்தோலிக்க இல்லங்களில் கோபுரம் தெரிவது நல்ல சகுனமாகவே கொள்ளப்படும். பயணத்திலிருந்து திரும்புகிறவன் சிலுவைக் குறியிட்டுக்கொள்வது ஊர்க்கோபுரம் கண்ணுக்குத் தெரியும்போதுதான். பண்ணவாடிக் கோபுரம் ஒன்றுதான் தெரியும்போது ஒரு மண்டலத்தைக் கவலையில் ஆழ்த்துகிறது.

அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் அங்கே விட்டுச் செல்லவில்லை. ஆலயம் இருந்தால் கல்லறைத் தோட்டம் இருக்கும். நவம்பர் 2ஆம் நாள் நம் ஒவ்வொரு பங்கிலும் நடப்பதை நாம் அறிவோம். முந்தைய நாளே மண்வெட்டியோடு சென்று புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலையில் பூவும் மெழுகுதிரியும் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு இது உங்கள் பூட்டன், இது உங்கள் சின்ன அத்தை, மூன்று வயதில் போனவள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். குடும்ப வரலாறு நம்மவர்க்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான். ஊர் மூழ்கியவர்கள் அந்த நாளில் எங்கே செல்வார்கள்? புது இடத்தில் புதுக் கல்லறைத் தோட்டம் அமையும். ஆனால் அதில் முதல் சாவு நிகழும்வரை அது வெறும் வேலியிட்ட நிலம். மூத்தோரின் ஊர் நீரடியில், இளையோரின் ஊர் கரைமேல் என்றானபின் பிள்ளைகளுக்கு முன்னோரைச் சுட்டிக்காட்ட விரல் நீட்டுவதற்கு இடமில்லை. சிவன் கோயிலை இழந்தவரின் நிலையும் இதுவே. குலதெய்வம் நீரடியில் போனபின் பிடிமண் எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்துக் கும்பிடும் வழக்கம் இருக்கிறது. அதற்கும் நீர் வருமுன் மண் எடுத்திருக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கே உரிய நிலை என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் வேல்சு நாட்டில் கப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. ஒரு பள்ளி, ஒரு அஞ்சலகம், ஒரு வழிபாட்டுக்கூடம், ஒரு கல்லறைத் தோட்டம், சில பண்ணைகள், மொத்தமே 67 பேர். ஆங்கில நகரமான லிவர்ப்பூலுக்கு நீர் வேண்டும் என்று அவ்வூரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவு செய்தார்கள். 1956 நவம்பரில் அவ்வூரார் பிள்ளை குட்டிகளோடு லிவர்ப்பூல் தெருக்களில் ஊர்வலமாகச் சென்று, எங்கள் வீடுகளை மூழ்கடிக்க வேண்டாம் என்று வேண்டினர். 1957இல் பாராளுமன்றம் அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது வேல்சு நாட்டின் 36 உறுப்பினருள் ஒருவரும் அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறியது. 1963இல் அவ்வூர்ப் பள்ளி மூடப்பட்டது. அறிவிப்பு வந்தபின் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், தாம் படிக்கும் வகுப்பறை எந்த ஆண்டு நீரடியில் போகும் என்பதை அறிந்தே பாடம் படித்தார்கள். 1965இல் அணை திறக்கப்பட்டது. 48 பேர் வீடிழந்தனர்.

அந்த நிகழ்ச்சி வேல்சு மக்களின் அரசியலையே மாற்றியது. ‘ட்ரவெரினை நினைவில் கொள்க’ என்று யாரோ ஓர் இளைஞர் 1960களில் சாலையோரப் பாழ்ச்சுவரில் எழுதிவைத்தது இன்றளவும் அழியாமல் மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டு வருகிறது. 2005இல் லிவர்ப்பூல் மாநகர மன்றம் அன்று நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டது. காலங்கடந்த மன்னிப்பு, வெறும் சொல் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஆயினும் எனக்கு அதில் குறிப்பிடத்தக்கதாகத் தோன்றுவது வேறொன்று. தண்ணீர் குடித்த ஊர், தண்ணீருக்காக மூழ்கிய ஊரைப் பெயர் சொல்லி நினைத்தது. வைகையைப் பொறுத்தவரை லிவர்ப்பூலின் இடத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால், மதுரையும் திண்டுக்கல்லும் கை தூக்க வேண்டியிருக்கும். அறுபத்தேழு பேரின் ஊருக்கு அங்கே ஒரு நினைவு ஆலயம் கட்டியிருக்கிறார்கள், பழைய கற்களைக் கொண்டே. நம் மூழ்கிய ஊர்களின் பெயர்ப்பட்டியலாவது ஒரு கல்வெட்டில் இருக்கக் கூடாதா?

காத்திருத்தல் மிக நீண்டுபோன ஊர் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அது மத்தியப் பிரதேசத்தின் ஹர்சூத். கடைத்தெருவும் பள்ளிகளும் கொண்ட நாட்டுப்புற நகரம். நர்மதை ஆற்றின் இந்திரா சாகர் அணைக்கு 1984இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1989 செப்டம்பரில் அணைகளை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டதும் அதே ஹர்சூத்தில்தான். ஊர் காலி செய்யப்பட்டதோ 2004 ஜூன் மாதத்தில். அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது இருபது வயது. பிறந்தது, பள்ளி சென்றது, காதலித்தது, வேலை தேடியது எல்லாம் மூழ்கப்போகும் நகரில்தான். இருபது ஆண்டுகளில் ‘வரும், வராது’ என்று மாறி மாறிக் கேட்டுக் கேட்டு, இனி வராது என்றே பலர் நம்பிவிட்டிருந்தபோது நாள் குறிக்கப்பட்டது. மக்கள் தம் வீட்டைத் தம் கையாலேயே இடித்துக் கதவையும் நிலையையும் செங்கல்லையும் வண்டியில் ஏற்றிச் சென்றதை அன்றைய செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் கட்டிய வீட்டை மகன் இடிப்பதைச் சிறுவர்கள் நின்று பார்த்தார்கள். அதைவிடக் கொடிய ஒரு பாடத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் சொல்வதால் அணைகளே வேண்டாம் என்று இக்கட்டுரை வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். வைகை அணை இல்லையேல் பேரணைக்கு மேலும் கீழும் இருபோக விளைச்சல் இல்லை. மதுரைக்கும் நமக்கும் குடிநீர் இல்லை. நிலக்கோட்டை, வாடிப்பட்டி, மேலூர் வட்டாரத்து இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வயிறார உண்டு பள்ளி சென்றதில் அந்த அணைக்குப் பங்குண்டு. காமராசர் காலத்துப் பொறியாளர்கள் கொடியவர்கள் அல்லர். பஞ்சத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நீர் வருகிறது என்பதே அவர்களுக்குப் போதுமான நியாயமாக இருந்தது. எனினும் நியாயம் இருந்ததாலேயே கணக்கு முடிந்துவிட்டதாகாது. ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம், கொடுத்தவர் பெயரை எழுதிவைக்கவில்லை. அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதைத் தியாகம் என்று அழைக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. தியாகம் செய்பவன்தான் அச்சொல்லைச் சொல்லலாம், பெற்றுக்கொண்டவன் சொல்வது அழகன்று.

வைகையில் நீர் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கிறார்கள். 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. கரையோரத்தார் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். இம்முறை நல்லது, உயிர்களைக் காப்பது. அணைக்குக் கீழே வாழ்வோர்க்கு மூன்று எச்சரிக்கை உண்டு. அணைக்குள் வாழ்ந்தோர்க்குக் கிடைத்தது அரசிதழின் ஓர் அறிவிப்பு. அதை அவர்களில் எத்தனை பேரால் வாசிக்க முடிந்திருக்கும்?

1959இல் பத்து வயதுப் பிள்ளைகளாய் ஊரை விட்டு நடந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர்கள். ஆண்டிபட்டி, பெரியகுளம் வட்டாரங்களிலும், வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கங்களிலும் அத்தகைய முதியோரோ, அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த மக்களோ இருக்கக்கூடும். நம் பங்குகளில் உள்ள இளையோர் இயக்கத்தினர் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்துகிறார்கள். அதற்கு ஒரு தலைப்பாக இதைக் கொடுக்கலாம். வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவரிடம் அமர்ந்து, தாத்தா, உங்கள் பழைய ஊரில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது, பள்ளிக்கூடம் கூரையா ஓடா, கடைசியாக ஊரை விட்டுப் போனது யார் வீடு, மாட்டை எங்கே விற்றீர்கள், பாட்டியை எங்கே அடக்கம் செய்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதினால் போதும். பெரிய கேள்விகள் வேண்டியதில்லை. பெரிய கேள்விக்கு முதியவர்கள் பெரிய சொற்களில் பதில் சொல்லிவிடுவார்கள். கிணற்றைக் கேட்டால் ஊரே வந்துவிடும்.

மற்றொரு சான்றும் நம் கையருகே உண்டு. பங்குத்தந்தையின் அலுவலக அலமாரியில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், பெற்றோர், ஞானத்தாய் தந்தையர், நாள் என்ற வரிசையில் ஊர் என்று ஒரு பத்தியும் உண்டு. எந்த ஆண்டுவரை ஓர் ஊர்ப் பெயர் எழுதப்பட்டது, எந்த ஆண்டிலிருந்து அது எழுதப்படவில்லை, அக்குடும்பங்கள் அடுத்து எந்தப் பங்கின் ஏட்டில் எந்த ஊர்ப்பெயரோடு தோன்றுகின்றன என்று பார்த்தால், அரசுப் பேரேடு விட்டுவிட்ட கூலிக்காரரும் குயவரும் சலவைத் தொழிலாளரும் அங்கே தம் பெயரோடு இருப்பார்கள். ஞானத் தண்ணீர் பெற்ற எவருக்கும் அந்த ஏட்டில் பட்டா கேட்கப்படவில்லை. தாள் பழுத்து ஓரம் உதிரும் ஏடுகள் அவை. கறையானுக்கு முந்திக்கொண்டு யாரேனும் பார்க்க வேண்டும்.